ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி பார்ப்பாள்

இந்த வருஷம் புதிதாகப் பயிற்சியாளர் சட்டை போட்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்தவன். பகலில் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் ஃபெர்ரி பிடித்துத் தீவுக்கு வந்து கூடைப்பந்துத் திடல். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓடியது. பந்தை எப்படித் தட்டுவது, காலை எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. என்னைவிட அது நன்றாகச் சொல்லும். நான் சொல்லப்போவது வேறு. ஒரு முழு சீசன் நான் செய்த முட்டாள்தனத்தையும், அதற்குப் பிறகு நான் பிடித்த பிடிவாதத்தையும் சொல்கிறேன். முட்டாள்தனத்துக்காக வெட்கப்படுகிறேன். பிடிவாதத்துக்காக இன்றுவரை வெட்கப்படவில்லை.

ஜெலுத்தோங் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு திடலில் எங்கள் சங்கத்தின் பெண்கள் அணி பயிற்சி எடுக்கும். அதில் கார்ட் ஆடுகிறவர்கள் இரண்டு பேர். கார்ட் என்றால் பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள், உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தி கோமதி. வயது இருபத்தொன்பது, ஜுருவில் கார் விற்கும் கடையில் கவுண்டரில் வேலை. கடைக்குள் நுழைகிற ஆள் வாங்க வந்தவனா, ஏர்கான் குளிரில் நிற்க வந்தவனா என்று கதவிலேயே சொல்லிவிடுவாள். திடலிலும் அப்படித்தான். யார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஆனால் கால் மெதுவு. ரொம்ப மெதுவு.

இன்னொருத்தி ஹுய் மின். இருபத்திரண்டு வயது சீனப் பெண். மோட்டாரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஜார்ஜ்டவுன் சந்துகளில் அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் நாம் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். திடலில் அவளைப் பிடிக்க ஆளே கிடையாது. ஆனால் பந்தோடு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டால் கண் தெரியாது. மூன்று பேர் நடுவில் மாட்டிக்கொண்டு, பந்தைப் பறிகொடுத்துவிட்டு, "ஐயோ கோச், சாரி லா" என்பாள். இருந்தாலும் புள்ளி அதிகம் எடுப்பவள் அவள்தான். தூரத்திலிருந்து கூடையில் போட அவளைப்போல் எங்கள் அணியில் யாரும் இல்லை.

என் தவறு இதுதான். கோமதியை ஓடச் சொன்னேன். ஹுய் மின்னை நிற்கச் சொன்னேன்.

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித்தந்த மனிதர், எங்கேயும் தன் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர், "ஆட்டக்காரனுக்கு எது வரவில்லையோ அதையே நூறு தடவை செய்ய வை" என்பார். நல்ல மனிதர். அவருக்காக ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களுக்கான மாதத்தில், பூசை வைக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை. அவர் சொன்னபடி செய்தேன். "கோமதி, ஓடு! ஓடு! என்ன, கோயிலுக்கா நடந்து போறே?" "ஹுய் மின், நில்லு! நில்லு! பார்! தலையைத் தூக்கு!" ஒரு முழு சீசன் என் தொண்டையிலிருந்து வந்தது இந்த இரண்டே வார்த்தைதான். அந்த சீசன் முடிவில் கோமதி கொஞ்சம்கூட வேகமாகவில்லை, தனக்கு வருவதையும் பயந்து பயந்து செய்தாள். ஹுய் மின் நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை, ஓடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் என்னை அழைத்து, "மிஸ்டர் சவரி, இரண்டும் குள்ளம். இரண்டையும் ஒன்றாக இறக்கினால் எதிரணி தலைக்கு மேல் போட்டுவிட்டுப் போகும். ஒருத்தி போதும். அந்த இந்தியப் பெண்ணுக்கு வயசும் ஆகுது. யோசிங்க" என்றார்.

"அந்த இந்தியப் பெண்" என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் யோசிப்பதாகச் சொன்னேன். யோசிக்கவும் செய்தேன், அதைச் சொல்லாமல் மறைத்தால் பாவம். ஓடத் தெரியாத கார்டை எத்தனை நாள் தாங்குவது என்று எனக்குள்ளும் ஓடியது.

அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது.

எங்கள் வீட்டில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் ஒன்றை விடுவோம். நான் வழக்கமாகச் சீனியை விடுவேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே என் மனைவி பிலோமினா சொன்னாள்: "சீனியை விட்டு என்னங்க பிரயோஜனம்? அதை டாக்டரே விடச் சொல்லிட்டாரு. ஆண்டவருக்கு ஏதாவது கொடுக்கிறதா இருந்தா உங்க சத்தத்தைக் கொடுங்க."

"என்ன சத்தம்?"

"திடல்ல போடுறீங்களே, அந்தச் சத்தம். நாப்பது நாள். முடியுமா? முடியாதில்ல?"

முடியாது என்று ஒரு மனைவி சொல்லிவிட்டால் கணவன் என்ன செய்வான்? அன்றைக்கே மாதா கோவிலில் முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திடலில் இருக்கும்போது, பயிற்சியோ போட்டியோ, குரலை உயர்த்தமாட்டேன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரலில் மட்டும்தான் பேசுவேன். அரையிறுதிப் போட்டியும் அந்த நாற்பது நாளுக்குள்தான் வருகிறது என்பதை வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். வாக்கு கொடுத்தாகிவிட்டது.

முதல் நாள் பயிற்சியில் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிட்டது.

"கோச், தொண்டை சரியில்லையா?" என்றாள் ஹுய் மின்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்போ யாரு மேல கோபம்?"

கோமதி தன் காலணிக் கயிற்றைக் கட்டியபடி, "விடு மின். இது அவங்க விரதம். நாங்க தைப்பூசத்துக்கு இருப்போமே, அந்த மாதிரி. ஆனா நாங்க வாய்க்குள்ள போறதைத்தான் விடுவோம். இவரு வாயிலேருந்து வர்றதை விட்டிருக்காரு" என்றாள்.

ஒரு வாரம் எனக்கு நரகம். கையைப் பையில் விட்டு செபமாலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கோமதி மெதுவாக வருவாள். "ஓடு" என்பது நாக்கு நுனி வரை வந்துவிடும். மணியை நகர்த்துவேன். ஹுய் மின் கூட்டத்துக்குள் பாய்வாள், இன்னொரு மணி. அந்த வாரம் நான் சொன்ன அளவு செபத்தை என் திருமண வாழ்க்கை முழுதும் சொல்லியிருக்கமாட்டேன்.

இரண்டாவது வாரம்தான் ஒன்று தெரிந்தது. திடலில் பேச்சுச் சத்தம் கேட்டது. என் சத்தம் இல்லாததால் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் ஆட்டம் முழுதும் ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தார்கள். மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம், நடுவில் ஹுய் மின்னுக்குத் தெரிந்த நான்கைந்து தமிழ் வார்த்தை.

"அக்கா, எங்கே? எங்கே?"

"நேரா வா. வா, வா. போதும். நான் வாங்கிக்கிறேன். நீ மூலைக்கு ஓடு."

என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஹுய் மின் தன் கூடைக்குக் கீழிருந்து பந்தை எடுத்துக்கொண்டு புயல் மாதிரி வருகிறாள். நடுக்கோட்டைத் தாண்டியதும், முன்பெல்லாம் கூட்டத்துக்குள் பாய்கிறவள், ஓரமாக ஒரு வளைவு வளைகிறாள். அதற்குள் கோமதி தன் நடையில் வந்து சேர்கிறாள். பந்து கை மாறுகிறது. ஹுய் மின் நிற்காமல் மூலைக்கு ஓடுகிறாள். கோமதி பந்தை ஒருமுறைகூடத் தரையில் தட்டவில்லை. இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் எறிகிறாள். மூலையில் ஹுய் மின் கையில் பந்து. கூடை.

நடுக்கோடு வரை அவள் கால். அதற்கு அப்புறம் இவள் கண். ஒருத்தி மற்றவளாக மாறவேண்டிய அவசியமே இல்லை.

பயிற்சி முடிந்ததும் கேட்டேன். "இதை யாரு சொல்லிக் கொடுத்தது?"

கோமதி கொஞ்சம் தயங்கினாள். ஹுய் மின்னுக்குத் தயக்கம் என்பது கிடையாது. "யாருமில்ல கோச். நீங்க கத்தலன்னா அக்கா பேசறது எனக்குக் கேக்குது."

அந்த ராத்திரி பழைய பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் எத்தனை பிள்ளைகள் பேச்சை நான் என் சத்தத்தால் மூடியிருப்பேன்? தம்பி, தங்கை, இதை நன்றாகக் கேளுங்கள். பயிற்சியாளன் சத்தம் போட்டால் அணிக்கு உழைக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். பல நாள் நான் அவர்கள் குறுக்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அரையிறுதி.

எதிரணி உயரமான அணி. முதல் பாதி முழுதும் எங்கள் பிள்ளைகள் அவர்களைச் சுற்றவைத்தார்கள். மூன்றாம் பகுதி முடியும்போது பதினொரு புள்ளி முன்னால் இருந்தோம். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் தண்ணீர் போத்தல் நீட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் பகுதியில் எதிரணிப் பயிற்சியாளர் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். எங்கள் கூடைக்கடியிலேயே ஹுய் மின்மேல் இரண்டு பேரைப் போட்டார். கோமதியை விட்டுவிட்டார். "நீயே கொண்டுவா, பார்க்கலாம்" என்கிற மாதிரி. எட்டு வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டவேண்டும். கோமதி தட்டிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒருத்தி பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை ஹுய் மின் இரண்டு பேர் நடுவில் மாட்டி, பந்து வெளியே போனது. பதினொன்று ஏழானது. ஏழு மூன்றானது. பிறகு சமம்.

முதுகுக்குப் பின்னால் செயலாளர் வந்து நின்றார். இறங்கி வந்ததே தப்பு. பெஞ்சுக்குப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை.

"ஏழாம் நம்பரை வெளியே எடு." ஏழாம் நம்பர் கோமதி.

நான் பையிலிருந்த செபமாலையைப் பிடித்தேன்.

"மிஸ்டர் சவரி, கேக்குதா? உயரமான பெண் ஒருத்தி பெஞ்சில சும்மா உட்கார்ந்திருக்கா. ஏழை எடு. இப்பவே. ஏன் நீ வாயைத் திறக்கமாட்டேங்கிற? ஒரு மாசமா பார்க்கிறேன், ஊமை மாதிரி நிக்கிற. கத்து! பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லு!"

அந்த நேரத்தில் என் உள்ளே என்ன இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்ற பயம் இருந்தது. கோமதியை வெளியே கூப்பிடுவது ரொம்பச் சுலபம். கை காட்டினால் போதும். தோற்றாலும் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் அன்றைக்கு வெளியே வந்தால் திரும்ப உள்ளே போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே. செயலாளர் பல மாதமாகக் காத்திருந்தது அந்தக் கையசைப்புக்குத்தான்.

ஆண்டவரே, இந்த மனிதர்மேல் நான் கத்தாமல் இருக்க வரம் கொடும் என்று கேட்டேன். ஜெயிக்க வரம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது முதலாவதுதான்.

பிறகு பக்கத்து ஆளிடம் பேசும் குரலில் சொன்னேன். "சார், ஒரு ஆளை எடுக்கணும்னா என்னை எடுங்க. அவளை நான் எடுக்கமாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஆட்டம் முடியட்டும், பேசறேன்."

"பேசுங்க சார். இப்ப என் ஆட்டத்தை நான் பார்க்கணும்."

ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிஷம் வாங்கினேன். ஐந்து பேரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். எனக்கும் விடை தெரியவில்லை. இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். விடை தெரியாத பயிற்சியாளன் வழக்கமாக என்ன செய்வான்? சத்தத்தைக் கூட்டுவான். நானும் அதைத்தான் செய்திருப்பேன், வாக்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். அதனால் கேட்டேன்.

"கோமதி, என்ன தெரியுது உனக்கு?"

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. திடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரு மின்கிட்ட வர்றாங்க கோச். அப்போ நடுவுல ஒரு ஆள் குறையுது. நான் தப்பான இடத்துல நிக்கிறேன். ஓரத்துல நின்னு தட்டிக்கிட்டு வர்றேன். நடுவுல போய் நின்னா நான் ஓடவே வேணாம். அவ எனக்குக் கொடுத்துட்டு ஓடட்டும். முன்னால எறியறேன். பந்து ஓடும்."

"அக்கா, எனக்கு முன்னால ரெண்டு மலை நிக்குது. நீ எங்க இருக்கேன்னு எப்படிப் பார்க்கிறது?" என்றாள் ஹுய் மின்.

"பார்க்காதே. நான் 'மின்'னு கூப்பிடுவேன். சத்தம் வர்ற பக்கம் கொடு."

"பார்க்காமலா?"

"நீ எப்ப பார்த்துக் கொடுத்திருக்கே?"

மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். சமமான ஆட்டம், நான்கு நிமிஷம் மீதி, செயலாளர் என் முதுகைப் பார்வையாலேயே எரித்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் சிரிக்கிறோம்.

முதல் தடவை அது பலிக்கவில்லை. கோமதி கூப்பிட்டாள், ஹுய் மின் எறிந்தாள், பந்து அவள் கைக்கு எட்டாமல் வெளியே போனது. எதிரணி அதில் இரண்டு புள்ளி எடுத்தது. இப்போது நாங்கள் பின்னால். செயலாளர் என் சட்டையைப் பிடித்தே இழுத்தார். நான் திரும்பவில்லை. கோமதி என்னைப் பார்த்தாள். தன்னை வெளியே கூப்பிடப்போகிறேனோ என்ற பார்வை அது. நான் தலையை மட்டும் ஆட்டினேன், மறுபடி செய் என்று.

மறுபடி செய்தார்கள். "மின்!" என்று ஒரு குரல், இரண்டு மலைகளின் இடுப்புக்கு நடுவிலிருந்து பந்து வெளியே வந்தது, கோமதி நடுவில் நின்று இரண்டு கையால் வாங்கினாள். அவள் திரும்பும்போதே ஹுய் மின் அந்த இரண்டு பேரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். பந்து நீளமாகப் போனது. ஹுய் மின்னுக்கு ஓடுவதும் குதிப்பதும் தவிர வேறு வேலை இல்லை. கூடை. சமம்.

அதற்குப் பிறகு அவர்களால் அதை நிறுத்த முடியவில்லை. இரண்டு பேரை அனுப்பினால் கோமதி நடுவில். ஒருத்தியை மட்டும் அனுப்பினால் ஹுய் மின்னைப் பிடிக்க ஆளில்லை. மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஒன்பது புள்ளி. அதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ அற்புதம் நடந்ததாகக் கதை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அந்த அணி எங்களைவிட நல்ல அணி. இரண்டு கார்டையும் கடைசி வினாடி வரை உள்ளேயே வைத்திருந்தேன். தோற்ற பிறகும் அதைத்தான் சரி என்கிறேன். ஜெயித்ததால் ஒரு முடிவு சரியாகிவிடாது, தோற்றதால் தப்பாகிவிடவும் செய்யாது. அதை எடுக்கும்போது உங்கள் கண்முன்னால் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் கணக்கு.

செயலாளர் சொன்னபடியே பேசினார். ஈஸ்டர் முடிந்த வாரம் சங்கத்து ஆட்களோடு ஒரு காப்பிக் கடையில் மேசை போட்டார். எனக்கு நன்றி சொன்னார்கள். அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்த்திருக்கிறார்களாம். கை கொடுத்தேன். வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் அந்த அரையிறுதியில் நானே கேட்டு வாங்கியதுதானே.

பிறகு அதே மேசைக்கு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து புதுச் சீசனுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஹுய் மின் ஹெல்மெட்டோடு வந்தாள், வழக்கம்போல அவசரம். கோமதி அவளுக்குப் பின்னால் நின்றாள். ஹுய் மின் பெயர் போட்ட படிவம் மேசையில் இருந்தது. கோமதிக்கு இல்லை.

"அக்காவோடது எங்கே?" என்றாள் ஹுய் மின்.

"இந்தத் தடவை ஒரு கார்ட்தான். புது ஆள் உயரம் பார்க்கிறாரு" என்றார் செயலாளர்.

கோமதி கைப்பையைத் தோளில் சரிசெய்தாள், போய்விடத் தயாராக. நான் வாயைத் திறந்தேன், ஆனால் அங்கே எனக்கு இனிமேல் பேச இடமில்லை என்பது ஞாபகம் வந்தது.

ஹுய் மின் பேனாவை மூடினாள்.

"அங்கிள், நான் பந்தைப் பாதி தூரம் கொண்டுவருவேன். அதுக்கப்புறம் யாருகிட்ட கொடுக்கிறது? உங்ககிட்டயா?"

மேசையில் யாரோ இருமினார்கள். செயலாளர் அவளைப் பார்த்தார். புள்ளி எடுக்கிறவள் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் அந்த அணி அணியே இல்லை என்பது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினார். பிறகு பையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, கோமதி பக்கம் தள்ளினார்.

ஹுய் மின் ஒரே கீறலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள். கோமதி உட்கார்ந்தாள். தன் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள், நிதானமாக, எல்லோரும் காத்திருக்க. படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துப் படிவத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மின், இங்க வா. செயலாளர் போடற இடத்துல உன் கையெழுத்தைப் போட்டிருக்கே."

"ஐயோ! எங்கே போடணும் கா?"

"கீழே. இங்கே," என்று விரலை வைத்துக் காட்டினாள் கோமதி.